எங்க வீட்டுப் பட்டாசல்

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



மலர்க் குழுவிலிருந்து வந்து, "ஏதாவது எழுதிக் கொடுடே, கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே கட்டுக்கட்டா வந்து கிடக்கு" என்று கேட்டபோது, எனக்கு எழுத ஒன்றுமே இல்லை என்றுதான் சொன்னேன். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், போன ஆடி மாதம் நான் தனியாளாக ஒரு பணியை எடுத்துச் செய்திருக்கிறேனே என்று ஞாபகம் வந்தது. வரைபடம், மதிப்பீடு, கொள்முதல், மேற்பார்வை, கூலியாள் எல்லாம் நானே. பணியின் பெயர்: பட்டாசல் புதுப்பித்தல். நிதி ஒதுக்கீடு: ரூபாய் 2,000. பணம் வந்த வழி: மாசம் ஆயிரம் வரும் தமிழ்ப் புதல்வன் பணத்தில் இரண்டு மாதம் கை வைக்காமல் சேர்த்தது.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டாசல் என்றால் தெரியும். விடுதியில் இருக்கும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். தெருவாசலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் இருக்கிற பெரிய அறைதான் பட்டாசல். நீங்கள் ஹால் என்பீர்கள். எங்க வீட்டில் அது பெரிய அறை என்பதைவிட, அது ஒன்றுதான் அறை. பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் புறவாசல், அவ்வளவுதான் வீடு. சாப்பிடுவது, படுப்பது, நான் டிராயிங் ஷீட்டை விரித்துப் போட்டுக்கொண்டு யாரையும் நடக்கவிடாமல் செய்வது, அம்மா பீடி சுற்றுவது எல்லாம் பட்டாசலில்தான்.

பீடி என்ற வார்த்தையை எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு இரண்டரை வருஷம் ஆகியிருக்கிறது. முதலாண்டு சேர்க்கைப் படிவத்தில் 'தாயார் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அதையும் 'வியாபாரம்' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். படிவத்தை எழுதத் தெரிந்த ஒரே ஆளும் நானே. அதனால் கேட்க ஆளில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் எங்க ஊர் அம்மன் கோயில் கொடை. வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் குற்றாலத்தில் குளியல், சாயங்காலம் எங்க வீடு, ராத்திரி வில்லுப்பாட்டும் சாமக்கொடையும், மறுநாள் கிடா வெட்டுச் சாப்பாடு. என்னிடம் கேட்கவில்லை, தெரிவித்தார்கள். "உங்க வீட்டுல இடம் இருக்கும்லா?" என்று ஒருத்தன் கேட்டான். "தாராளமா இருக்கு" என்று சொன்னேன். வாய் சொல்லிவிட்டது, வயிறு கலங்கிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது முதன்முறையாக நம்ம பசங்க கண்ணால் பட்டாசலைப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் ஐந்து காலண்டர். தேதி போன காலண்டரிலும் சாமி படம் இருப்பதால் யாரும் கழற்ற மாட்டார்கள். தாத்தா படம், அதற்குப் பிளாஸ்டிக் மாலை. ஒரு காலத்தில் அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த கலர் டிவி. நான் கைக்குழந்தையாக இருக்கும்போது வந்தது, படம் நின்று பல வருஷம் ஆகிறது, இப்போது அதன் தலையில் குத்துவிளக்கும் திருநீற்றுத் தட்டும் இருக்கின்றன. மூலைக்கு மூலை கட்டிய கொடியில் துணிகள். ஜன்னலை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு பீரோ. நடுவில் தொய்ந்துபோன நாடாக் கட்டில். ஒரு கால் கம்பியால் கட்டப்பட்ட பிளாஸ்டிக் சேர். அப்புறம் தெற்குச் சுவரில், தரையிலிருந்து இரண்டு இரண்டரை அடி உயரத்துக்கு, பழுப்பும் கருப்புமாக ஒரு கறை. அம்மா சாய்ந்து உட்காரும் இடம். தலை எண்ணெய் மேலே ஒரு வட்டம், முதுகு கீழே ஒரு நீள்வட்டம். நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் உட்கார்ந்து சுற்றுகிறாள்.

முறைப்படி எஸ்டிமேட் போட்டேன். அறை 14க்கு 10. சுவர் உயரம் 8 அடி. நாலு சுவரும் 384 சதுர அடி. இரண்டு வாசல், ஒரு ஜன்னல் கழிவு 51. மீதி 333. விளக்கு வைக்கிற மாடக்குழியைக் கழிக்கவில்லை. அரைச் சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குக் கழிவு கிடையாது என்று வகுப்பில் படித்தது, வாழ்க்கையில் முதன்முதலாகப் பயன்பட்டது! 333 சதுர அடிக்கும் வெளிர் மஞ்சள் டிஸ்டெம்பர் அடிப்பது என்று முடிவு செய்து அப்பாவிடம் கம்பீரமாகச் சொன்னேன்.

அப்பா பீடியை அணைத்துவிட்டு (ஆமாம், அவருக்கு அது வீட்டு உற்பத்தி) சொன்னார்: "ஏல, மண்ணு வச்சுக் கட்டின சொவரு. கீழ ஓதம் ஏறும். நீ சொல்லுத பெயிண்ட அடிச்சா ரெண்டு மாசத்துல அப்பளமா உரியும். சுண்ணாம்பு போதும்ல."

நான் டிப்ளமோ மாணவன் இல்லையா, ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பெயிண்ட் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னதும் ஒத்துக்கொண்டேன். அப்பா சொல்லும்போது ஏன் ஏறவில்லை என்று அப்புறம் யோசித்தேன். பாடத்திலும் இதுதானே இருக்கிறது? பழைய வீடுகளுக்கு அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்புப் படலம் கிடையாது. மண்ணில் இருக்கும் தண்ணீர் சுவரின் நுண்துளை வழியாக மேலே ஏறும், கூடவே உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மேலே டிஸ்டெம்பர் பூசி அடைத்தால், போக வழி இல்லாமல் பூச்சையே தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுண்ணாம்புக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சுவர் மூச்சு விட இடம் கொடுக்கும். பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கியவன் நான். சொந்த வீட்டுச் சுவரைப் பார்த்து எழுதச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை.

ஆக, கீழே மூன்றடிக்குச் சுண்ணாம்பு, மேலே டிஸ்டெம்பர் என்று சமரசம் ஆனது. கல்லூரிக்கு மூன்று நாள் மட்டம். (வருகைப் பதிவேடு வைத்திருக்கும் ஆசிரியர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடவும்.)

சுரண்டுவதில்தான் பாதி உயிர் போனது. பட்டித் தகட்டை வைத்து இழுத்தால் முதலில் ஊதா நிறச் சுண்ணாம்பு வந்தது. நீலம் அதிகமாகக் கலந்துவிட்டது. அக்கா கல்யாணத்துக்கு அடித்தது. அதற்குக் கீழே பச்சை. அது தாத்தா செத்த வருஷம் பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்தது என்று அம்மா சொன்னாள். அதற்கும் கீழே மஞ்சள், நான் பிறந்த 2007. அதற்கும் கீழே வெள்ளை, அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்தபோது இருந்தது. எங்க வீட்டில் ஆல்பம் கிடையாது. சுவரைச் சுரண்டினால் போதும். சாயில் மெக்கானிக்ஸ் லேபில் மண் அடுக்குகளைக் குறிப்போமே, அதுபோல நோட்டில் வரைந்துகூட வைத்தேன். ஆடிச் சாரல் வேறு விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. சுரண்டிய தூள் ஈரத்தோடு ஈரமாகக் கட்டில், சட்டி, தலைமயிர் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். அம்மாவிடம் போய், "பெயிண்ட் வேலை முடியுற வரைக்கும் புறவாசல்ல உக்காந்து சுத்தும்மா. கொடை முடியட்டும், பசங்க வந்துட்டுப் போவட்டும். தட்டு, இலை, தூளு எல்லாம் அங்கனயே இருக்கட்டும்" என்று சொன்னேன். பெயிண்ட் வேலைக்காகச் சொல்வதுபோலச் சொன்னேன். அம்மா என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "சரிய்யா" என்றாள். முறத்தையும் இலைப் பையையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு, தகரக் கொட்டகைக்கு அடியில், ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கணக்குச் சொல்கிறேன், இந்த வேலை செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். டிஸ்டெம்பர் 5 கிலோ 430 ரூபாய். கல் சுண்ணாம்பு 100. பட்டி 5 கிலோ 170. பிரஷும் உப்புத்தாளும் 140. தரையில் வெடிப்பு அடைக்கச் சிமெண்டும் ரெட் ஆக்சைடும் 60. எல்.இ.டி. டியூப் 220. கட்டிலுக்குப் புது நாடா 300. பின்னியது நானும் அப்பாவும், கூலி இல்லை. ஒரு பிளாஸ்டிக் சேர் 450. மொத்தம் 1,870. கையில் மீதி 130.

சுண்ணாம்பு வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது நீற்றுவது. பானையில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பு இல்லாமலே கொதிக்கிறது. கிட்டே போகக் கூடாது, கண்ணில் தெறித்தால் போச்சு. ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கஞ்சித் தண்ணீரும் ஒரு துளி நீலமும் சேர்த்து அப்பாதான் பதம் சொன்னார். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, தண்ணீர் தடவியது மாதிரி இருக்கும். "பத்தலைப்பா" என்று மறுபடி முக்கப் போனேன். "காயட்டும்ல, அவசரப்படாத" என்றார். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான் அது மறுபடி கல்லாக இறுகுகிறது. காயக் காய வெள்ளை தானாக எழும்பி வந்தது. சாரலில் அதற்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

செலவே இல்லாமல் செய்த வேலைதான் அறையை நிஜமாக மாற்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீரோவை ஜன்னலைவிட்டு நகர்த்தி வடக்குச் சுவரோரம் வைத்தோம். பத்து வருஷமாகத் திறக்காத ஜன்னல். கொக்கி துருப்பிடித்து, மண்ணெண்ணெய் ஊற்றித்தான் கழற்ற முடிந்தது. திறந்ததும் வேப்பமரத்துக் காற்று உள்ளே வந்தது. இவ்வளவு நாளும் பகலில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தோமே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று திரைச்சீலை ஆனது. காலண்டர்களில் நான்கைக் கழற்றி, சாமி படங்களை மட்டும் வெட்டி ஒரு அட்டையில் ஒட்டினேன். கொடியை அடுக்களைப் பக்கம் மாற்றிக் கட்டினேன். டிவியை எடுத்துவிடலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அது அங்கேயே இருக்கிறது.

எல்.இ.டி. டியூப் மட்டும் ஒரு துரோகம் செய்தது. பழைய டியூப் மினுக்கி மினுக்கி எரியும்போது சமமாகத் தெரிந்த சுவர், புது வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாகத் தன் சொரூபத்தைக் காட்டிவிட்டது.

இனி அந்தக் கறை. தெற்குச் சுவரில் அந்த இடத்தை எவ்வளவு சுரண்டினாலும் போகவில்லை. எண்ணெய் பூச்சுக்குள் இறங்கியிருந்தது. சுண்ணாம்பு இரண்டு கை அடித்தேன். காய்ந்ததும் பழுப்பாக மேலே வந்து நின்றது. மூன்றாவது கை. மறுநாள் காலையில் பார்த்தால் அதே வட்டம், அதே நீள்வட்டம், கொஞ்சம் மங்கலாக. கடைக்காரரிடம் ஓடினேன். "எண்ணெய்க் கறைமேல தண்ணியில கரைக்கிற பூச்சு எதுவும் நிக்காது தம்பி. ஆயில் பிரைமர் ஒரு கோட்டிங் குடுத்து அடைச்சுட்டு மேல அடி" என்று சின்ன டப்பா ஒன்று கொடுத்தார். விலை 130 ரூபாய். கையிருப்பு துல்லியமாகப் பூஜ்யம்! எஸ்டிமேட் வாத்தியார் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

டப்பாவோடு புறவாசல் வழியாக உள்ளே வந்தேன். அம்மா இல்லை, பீடிக் கடைக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருந்தாள். முறத்துக்குப் பக்கத்தில் அவள் கணக்கு நோட்டு கிடந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, எண் மட்டும் போடுவாள். தினமும் 900, 900, 850, 900 என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் கடைசி மூன்று நாள் 550, 600, 500. கடைசி நாளுக்குப் பக்கத்தில் ஒரு 150, அதன் மேல் குறுக்குக் கோடு. கோடு போட்டால் கடையில் கழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கொட்டகையில் வெளிச்சம் இல்லை. சாரலில் தூள் நமத்துவிட்டது. ஆட்டுக்குட்டி வேறு இலையைத் தின்ன வரும், விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். குறைந்தது 1,050, கழிவு 150. ஆயிரத்து இருநூறு பீடி. ஒன்றேகால் நாள் கூலிக்கு மேல். என் எஸ்டிமேட்டில் இந்த இனம் இல்லை.

அம்மா வந்ததும் கேட்டேன்: "ஏம்மா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? உன் கூட்டாளிமாரு வாராவ. ரெண்டு நாளு தானய்யா" என்றாள். அப்புறம் டப்பாவைப் பார்த்துவிட்டு, "அது என்னது?" என்றாள். கறையை மறைக்கிற பெயிண்ட், 130 ரூபாய் என்றேன். "நூத்தி முப்பது ரூவாயா! நான் நாளைக்கி அதுல சாஞ்சா மறுபடி வரும்லா. அதுக்கா இம்புட்டுத் துட்டு?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவை உடனே உள்ளே வந்து உட்காரச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால், உண்மையைத்தான் எழுத வேண்டும், சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை போகட்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் வந்தார்கள். குற்றாலத்து ஈரம் தலையில் காயாமல், கையில் அல்வாப் பொட்டலத்தோடு. புதுச் சேரிலும் கட்டிலிலும் உட்கார்ந்தார்கள், மிச்சப் பேர் தரையில். சுவரைப் பற்றி ஒருத்தன்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை! மூன்று நாள் மட்டம், 1,870 ரூபாய், கையெல்லாம் சுண்ணாம்புப் புண். ஒருத்தன் மட்டும் டிவியைப் பார்த்து, "எங்க வீட்டுலயும் இதே டிவிதான்டே, அதுல நெல்லுப் படியை வச்சிருக்கோம்" என்றான்.

எங்க செட்டில் முக்கூடல்காரன் ஒருத்தன் இருக்கிறான், உங்களுக்குத் தெரியும். அவன் தெற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சரியாக அந்த இடத்தில். திரும்பிக் கறையைப் பார்த்தான். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினான். "தூளு வாசம் வருது. உங்க வீட்டுலயும் பீடியாடே? அம்மய எங்க?" என்று கேட்டான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "புறவாசல்ல" என்றேன்.

அவன் எழுந்து நேராகப் பின்னால் போனான். அம்மா பதறி எழுந்திருக்கப் போனவளை, "இருங்கம்மா" என்று உட்காரவைத்துவிட்டு, முறத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சுற்றி வைத்திருந்ததை எடுத்து, நுனியை மடக்கி அடைக்க ஆரம்பித்தான். நகம் போகிற வேகத்தைப் பார்த்தால் பழக்கம் தெரிந்தது. எனக்கு அந்த வேகம் வராது. எனக்கு ஆறாம் வகுப்பிலேயே "நீ படி" என்று சொல்லித் தட்டைப் பிடுங்கிவிட்டார்கள். அம்மா அவனிடம் அவன் ஊர், அவன் அம்மாவுக்கு இலை எப்படிக் கிடைக்கிறது, கடையில் கழிவு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் ஒரு வருஷத்தில் பேசுவதை அவனிடம் அரைமணி நேரத்தில் பேசினாள். மற்றவர்களும் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்கள். 333 சதுர அடியும் ஆளில்லாமல் புது டியூப் வெளிச்சத்தில் பளபளவென்று கிடந்தது.

ராத்திரி வில்லுப்பாட்டு கேட்கும்போது முக்கூடல்காரன் பக்கத்தில் வந்து, "ஸ்காலர்ஷிப் வாங்குதியா?" என்று கேட்டான். எது என்றேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை கொடுக்கிற கல்வி உதவித்தொகை. அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையை வைத்து, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவன் முதலாண்டிலிருந்தே போடுகிறான். எனக்கும் அப்படி ஒன்று இருப்பது முதலாண்டிலேயே தெரியும், நோட்டீஸ் போர்டில் படித்தேன். விண்ணப்பித்தால் 'இல்லத்தரசி' பொய்யாகிவிடுமே என்று இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். இதை அவனிடம் சொன்னேன். அவன் ஏதாவது திட்டுவான் என்று பார்த்தேன். "மடப்பயல" என்று மட்டும் சொல்லிவிட்டு வில்லுப்பாட்டைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டான்.

இந்த வருஷம் விண்ணப்பித்துவிட்டேன். அலுவலகத்தில் போய், படிவத்தில் தாயார் தொழிலைத் திருத்த வேண்டும் என்றேன். எழுத்தர் அண்ணன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. திருத்தி, முத்திரை குத்திக் கொடுத்தார். பணம் இன்னும் வரவில்லை. உங்களில் யாராவது என்னை மாதிரி விட்டிருந்தால் முக்கூடல்காரனிடம் கேளுங்கள், அட்டை நம்பர் எங்கே இருக்கும் என்பதுவரை சொல்லிக் கொடுப்பான்.

அம்மா மறுநாளே பட்டாசலுக்குத் திரும்பிவிட்டாள். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னேன். "சாரல் அடிக்கு" என்று பழைய இடத்துக்கே போனாள். புரட்டாசியில் சாரல் நின்றதும் தானாகவே ஜன்னலுக்குக் கீழே மாறிக்கொண்டாள். பகலில் விளக்குப் போடுவதில்லை, கணக்கு நோட்டில் ஒன்றிரண்டு நாள் 950 வருகிறது. சுண்ணாம்பு அடித்த இடம் அப்படியே நிற்கிறது. டிஸ்டெம்பரில் மேற்கு மூலை மட்டும் உரியத் தொடங்கிவிட்டது. அப்பா அதைத் தினமும் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜன்னலுக்குக் கீழே சுவரில் இப்போது லேசாக ஒரு வட்டம் விழ ஆரம்பித்திருக்கிறது. பிரைமர் டப்பாவை நான் திறக்கவே இல்லை. டிவி மேல், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறக்காத டப்பா என்றால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று சனிக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.